நாற்பத்தெட்டு மணி நேரம்: எமில் லெவாசோரின் பயணம்

1895ஆம் ஆண்டு ஜூன் 12. அதிகாலை மூன்றரை மணி. பிரான்சு நாட்டில் ருஃபெக் என்னும் சிற்றூர் நல்ல உறக்கத்தில் இருந்தது. பாரிஸ் நகரம் இருக்கும் வடதிசையிலிருந்து தடதடவென ஓசை எழுப்பியபடி ஒரு வண்டி ஊருக்குள் நுழைந்தது. அதை இழுக்கக் குதிரை இல்லை. அதன் விளக்குகளின் மங்கலான ஒளி சில அடி தூரத்துக்கு மேல் எட்டவில்லை.

வண்டியை ஓட்டி வந்தவர் எமில் லெவாசோர். அவருக்கு வயது 52. முந்தைய நாள் நண்பகலில் புறப்பட்டவர், ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து வந்திருந்தார். அவரிடமிருந்து வண்டியைப் பெற்று ஓட்ட வேண்டிய மாற்று ஓட்டுநர் ருஃபெக்கில்தான் தங்கியிருந்தார். ஆனால், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. வண்டி இவ்வளவு விரைவில் வந்து சேரும் என்று அவர் மட்டுமன்று, யாருமே எதிர்பார்க்கவில்லை. திட்டமிட்ட நேரத்துக்குப் பல மணி நேரம் முன்னதாகவே லெவாசோர் வந்துவிட்டார்.

தேடிப் பிடித்து எழுப்பினால் நேரம் வீணாகும் என்று அவர் எண்ணியிருக்கலாம். இன்னும் சற்றுத் தூரம் நாமே ஓட்டலாமே என்றும் எண்ணியிருக்கலாம். எப்படியோ, வண்டி ருஃபெக்கை விட்டுப் புறப்பட்டபோதும் ஓட்டுநர் இருக்கையில் லெவாசோரே இருந்தார். இருளில் தெற்கு நோக்கி அந்த ஓசை தேய்ந்து மறைந்தது.

இந்தப் பந்தயம் எதற்காக நடந்தது, அந்த முதியவர் ஏன் இப்படி ஓட்டினார் என்பதை அறிய, சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

லெவாசோர் 1843ஆம் ஆண்டு, பாரிசுக்குத் தெற்கே உள்ள மரோல் என்ற ஊரில் பிறந்தார். பாரிசில் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியில் படித்துப் பொறியாளரானார். தம்மைப் போலவே அக்கல்லூரியில் பயின்ற ரெனே பனார் என்பவருடன் சேர்ந்து ஒரு தொழிற்கூடத்தில் பணியாற்றினார். பின்னாளில் அது ‘பனார்-லெவாசோர்’ நிறுவனம் என்று பெயர் பெற்றது. அங்கே மரம் அறுக்கும் இயந்திரங்கள் செய்யப்பட்டன. வண்டி செய்யும் எண்ணம் தொடக்கத்தில் அவர்களுக்கு இருந்ததில்லை.

அந்த எண்ணம் வந்த வழி சுவையானது. அதில் ஒரு பெண்மணியின் பங்கு மிகப் பெரிது.

ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் என்பவர் வேகமாகச் சுழலும் சிறிய பெட்ரோல் இயந்திரம் ஒன்றை உருவாக்கியிருந்தார். அதன் பிரெஞ்சுக் காப்புரிமை தொடர்பான வேலைகளை எடுவார் சராசான் என்பவர் கவனித்து வந்தார். பிரெஞ்சுச் சட்டப்படி, காப்புரிமை பெற்ற பொருளைப் பிரான்சிலேயே செய்ய வேண்டும். அதனால் சராசான் தம் நண்பர் லெவாசோரின் தொழிற்கூடத்தை நாடினார். ஆனால், 1887ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நோயுற்று இறந்துவிட்டார். டைம்லரின் இயந்திரத்துக்கு நல்ல எதிர்காலம் உண்டு, அந்தத் தொடர்பை விட்டுவிடாதே என்று தம் மனைவி லூயீசிடம் அவர் இறக்கும் தறுவாயில் கேட்டுக்கொண்டார்.

லூயீஸ் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். கணவரை இழந்த சில வாரங்களில் அவரே ஜெர்மனிக்குப் பயணம் செய்து டைம்லரை நேரில் சந்தித்தார். அக்காலத்தில் ஒரு பெண் தொழில் ஒப்பந்தம் பேச எல்லை கடந்து செல்வது எளிய செயலன்று. டைம்லரும் இசைந்தார். பிரான்சில் அந்த இயந்திரத்தைச் செய்யும் உரிமை லூயீஸ் வழியாகவே பனார்-லெவாசோர் நிறுவனத்துக்கு வந்தது. 1890இல் லூயீசும் லெவாசோரும் மணம் புரிந்துகொண்டனர். மோட்டார் வண்டியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பொறியாளர்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். லூயீசின் பெயரைப் பலர் விட்டுவிடுவார்கள். அந்தப் பயணத்தை அவர் மேற்கொள்ளாமல் இருந்திருந்தால், லெவாசோர் கடைசிவரை மரம் அறுக்கும் இயந்திரங்களையே செய்துகொண்டு இருந்திருப்பார் என்றுகூடச் சொல்லலாம்.

இயந்திரம் கிடைத்துவிட்டது. அதை வண்டியில் எங்கே வைப்பது? இன்று இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. அன்று எல்லாரையும் குழப்பிய கேள்வி இதுதான். குதிரை வண்டியைப் பார்த்துப் பழகியவர்கள், இருக்கைக்கு அடியிலோ வண்டியின் பின்புறத்திலோ இயந்திரத்தைப் பொருத்தினார்கள். குதிரை இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. லெவாசோரும் முதலில் வேறு இடங்களில் வைத்துப் பார்த்தார். நிறைவு ஏற்படவில்லை. 1891இல் அவர் இயந்திரத்தை வண்டியின் முன்புறத்துக்கே கொண்டு வந்தார். அதற்குப் பின்னால் கிளட்ச், அடுத்துப் பற்சக்கரங்கள், அங்கிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரங்களுக்கு விசை என வரிசையாக அமைத்தார். முன்சக்கரங்களின்மேல் போதிய எடை அமர்ந்ததால் வண்டியைத் திருப்புவது எளிதாயிற்று. இயந்திரத்தின் வெப்பமும் அதிர்வும் பயணிகளைவிட்டு விலகின. பெரிய இயந்திரம் வைக்கவும் இடம் கிடைத்தது. பல பத்தாண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான மகிழுந்துகள் இந்த அமைப்பைத்தான் பின்பற்றின.

அவர் அமைத்த பற்சக்கர முறை அவ்வளவு நயமானதன்று. வேகத்தை மாற்றும்போதெல்லாம் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கரகரக்கும். முரட்டுத்தனமாக இருந்தாலும் வேலை செய்கிறது என்று அதைப் பற்றி லெவாசோரே கூறியதாகச் சொல்வார்கள்.

இனி, பந்தயத்துக்கு வருவோம். 1890களில் மக்களின் மனத்தில் ஒரு பெரிய ஐயம் இருந்தது. குதிரையில்லா வண்டியை நம்பலாமா? நம்பலாம் என்றால், எந்த வகையை நம்புவது? நீராவியா, மின்சாரமா, பெட்ரோலா? நீராவி இயந்திரத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருந்தது. மின்சார வண்டி ஓசையின்றி ஓடியது. பெட்ரோல் இயந்திரமோ இவற்றுக்கெல்லாம் இளையது. ஓசையும் நாற்றமும் மிக்கது. நடுவழியில் நின்றுவிடும் என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு. இங்கிலாந்தில் 1896 வரை, தானே இயங்கும் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்று சட்டமே இருந்தது. வேகமும் மணிக்கு 4 மைல், அதாவது ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது!

பிரான்சில் நிலைமை வேறு. 1894ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு நாளிதழ், பாரிசிலிருந்து ரூவான் நகர் வரை 126 கிலோமீட்டர் தூரத்துக்குப் போட்டி ஒன்றை நடத்தியது. அதில் டி டியோன் பிரபுவின் நீராவி வண்டி முதலில் வந்து சேர்ந்தது. ஆயினும், அதற்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. நெருப்பைக் கவனித்துக்கொள்ள அதில் தனியே ஓர் ஆள் தேவைப்பட்டார். எளிதில் கையாளத்தக்க வண்டிக்கே பரிசு என்று விதி கூறியது. பனார்-லெவாசோர், பெஜோ ஆகிய இரண்டு நிறுவனங்களும் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டன. பெட்ரோல் வண்டிகளுக்குப் பரிசு வந்தது. ஆனால், முதலில் வந்தது நீராவிதானே என்ற பேச்சும் கூடவே வந்தது.

அந்தப் பேச்சுக்கு விடை காணவே அடுத்த ஆண்டு பெரும் பந்தயம் ஒன்று திட்டமிடப்பட்டது. பாரிசிலிருந்து தென்மேற்கே போர்தோ நகருக்குச் சென்று மீண்டும் பாரிசுக்கே திரும்ப வேண்டும். மொத்தத் தூரம் 1,178 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலுள்ள சாலைத் தூரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். 100 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரவில் நிறுத்தி ஓய்வெடுக்கலாம். விரும்பினால் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். ஓட்டுநர்களை வழியில் மாற்றிக்கொள்ளலாம். முதல் பரிசு 31,500 பிராங்கு. இத்துடன் ஒரு நிபந்தனையும் இருந்தது. இரண்டு பேருக்கு மேல் அமரக்கூடிய வண்டிக்கே முதல் பரிசு வழங்கப்படும்.

இந்த நிபந்தனை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது என்பதை மறக்க வேண்டா. லெவாசோர் தேர்ந்தெடுத்ததோ இரண்டு இருக்கைகள் மட்டுமே கொண்ட வண்டி.

அந்த வண்டியைச் சற்றுக் கூர்ந்து பார்ப்போம். அதன் இயந்திரத்தில் இரண்டு உருளைகள். ஆற்றல் நான்கு குதிரைத்திறன். இன்றைய சிறிய மோட்டார் சைக்கிளின் ஆற்றல்கூட இதைவிட அதிகம். எரிபொருளைப் பற்றவைக்க இன்றுள்ளதுபோல் மின்பொறி கிடையாது. சிறிய குழாய் ஒன்றைச் சுடர் விளக்கால் எப்போதும் பழுக்கக் காய்ச்சியபடி இருக்க வேண்டும். பலத்த காற்றில் அந்தச் சுடர் அணைந்தால் வண்டியும் நின்றுவிடும். சக்கரங்களில் கெட்டி ரப்பர் பட்டைகள். சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் ஓட்டுநரின் முதுகெலும்பு உணரும். வட்டமான ஸ்டீயரிங் சக்கரமும் இல்லை. படகின் சுக்கானைத் திருப்பும் கைப்பிடியைப் போன்ற ஒரு தண்டுதான் இருந்தது. சாலையில் சக்கரம் குலுங்கும்போதெல்லாம் அந்தத் தண்டு கையை உதறும். அதை இரண்டு நாள் இறுகப் பிடித்திருக்க வேண்டும். முன்கண்ணாடி இல்லை, கூரையும் இல்லை.

ஜூன் 11ஆம் நாள் நண்பகலில் பாரிசை அடுத்த வெர்சாய் நகரிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. நீராவி வண்டிகள் பல. மின்சார வண்டி ஒன்று. அதற்காக வழிநெடுகிலும் மாற்று மின்கலங்களை முன்கூட்டியே வைத்திருந்தார்கள். பெஜோ வண்டிகள், ஜெர்மானிய பென்ஸ் வகை வண்டிகள், பனார்-லெவாசோர் வண்டிகள் ஆகியவையும் வந்திருந்தன. மிச்செலின் சகோதரர்கள் காற்றடைத்த ரப்பர் டயர் பொருத்திய வண்டியுடன் வந்தார்கள். மோட்டார் வண்டிப் பந்தயத்தில் அத்தகைய டயர் ஓடியது அதுவே முதன்முறை.

முதலில் நீராவி வண்டிகள் பாய்ந்தன. ஆனால், அவை அடிக்கடி நின்று தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது, பழுதுகளும் ஏற்பட்டன. மாலைக்குள் லெவாசோர் முன்னணிக்கு வந்துவிட்டார். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். மிக வேகமாகச் சென்றபோதும் 30 கிலோமீட்டரைத்தான் தொட்டார். மிதிவண்டியில் விரைந்து செல்லும் இளைஞர் ஒருவர் எட்டக்கூடிய வேகம்தான் இது. இதற்கா இவ்வளவு வியப்பு என்று நீங்கள் கேட்கலாம். மண் சாலையில், விளக்கொளி எட்டும் தூரத்துக்குள் நிறுத்தவும் முடியாத ஒரு வண்டியில், இரவு முழுவதும் அந்த வேகத்தைக் குறைக்காமல் செல்வதை எண்ணிப் பாருங்கள். இரவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியது பைத்தியக்காரத்தனம் என்று லெவாசோரே பின்னர் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

ருஃபெக்கில் மாற்று ஓட்டுநர் உறங்கிக்கொண்டிருந்ததை முன்பே பார்த்தோம். லெவாசோர் மேலும் ஓட்டிச் சென்று அன்று முற்பகலிலேயே போர்தோவை அடைந்தார். வண்டியைத் திருப்பினார். திரும்பும் வழியில், இன்னும் போர்தோவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த போட்டியாளர்களை அவர் எதிரே கண்டார். மீண்டும் ருஃபெக் வந்தது. இப்போதும் அவர் வண்டியைப் பிறரிடம் ஒப்படைக்கவில்லை. அவருடன் மெக்கானிக் ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தார். இரண்டாவது இரவும் வந்து போனது. அந்தப் பயணம் முழுவதிலும் அவர் ஓரிடத்தில் அதிகமாக நின்ற நேரம் 22 நிமிடங்களே.

ஏன் இப்படி ஓட்டினார்? பரிசுக்காக இருக்க முடியாது. இரண்டு இருக்கை வண்டிக்கு முதல் பரிசு இல்லை என்பது தெரிந்ததுதான். புகழுக்காக என்று சொல்லிவிடலாம். ஆனால், அவர் வெறும் ஓட்டுநர் அல்லர். அந்த வண்டியைப் படைத்தவரும் அவரே. எந்தத் திருகாணி எங்கே தளரும், எந்த ஓசை எந்தக் குறையைக் காட்டும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யாருமில்லை. தம் இயந்திரம் நிற்காமல் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அறிய அவருக்கு இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடைத்திருக்காது. வழியில் ஓட்டுநர் மாறியிருந்தால் வண்டி அதே நேரத்தில்கூட வந்து சேர்ந்திருக்கலாம். ஆனால், ஒரே மனிதர், நடுத்தர வயதைக் கடந்தவர், ஓய்வின்றி ஓட்டக்கூடிய அளவுக்கு இந்த வண்டி நம்பகமானது என்ற செய்தி உலகுக்குக் கிடைத்திருக்காது.

ஜூன் 13. பகல் ஒரு மணியளவில், பாரிசின் மேற்கு எல்லையிலுள்ள போர்த் மயோ என்ற இடத்தில் கூடியிருந்த மக்கள் ஆரவாரித்தனர். தூசி படிந்த உடையுடன் லெவாசோர் வந்து சேர்ந்தார். வெர்சாயிலிருந்து புறப்பட்டு 48 மணி 48 நிமிடங்கள் ஆகியிருந்தன. கொஞ்சம் சூப்பும் முட்டையும் உண்டு, இரண்டு குவளை ஷாம்பேன் அருந்தினார் என்றும், பெரிதாகக் களைத்தவராகத் தோன்றவில்லை என்றும் அந்நாளைய செய்திகள் கூறின.

அடுத்த வண்டியைக் காண மக்கள் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரமாயிற்று. இரண்டு மணி நேரமாயிற்று. ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்துத்தான் ரிகூலோ என்பவர் பெஜோ வண்டியில் வந்தார். அவருடையதும் இரண்டு இருக்கை வண்டியே. நள்ளிரவில், லெவாசோர் வந்து 11 மணி நேரம் ஆன பிறகு, போல் கோக்லின் என்பவர் மற்றொரு பெஜோ வண்டியில் வந்து சேர்ந்தார். அதில் நான்கு இருக்கைகள் இருந்தன. முதல் பரிசு கோக்லினுக்கு வழங்கப்பட்டது.

இதைப் படிக்கும் பலரும் அநீதி என்று கொதிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தயத்தை நடத்தியவர்கள், குடும்பமோ நண்பர்களோ சேர்ந்து செல்லத்தக்க, மக்களுக்குப் பயன்படும் வண்டியை ஊக்குவிக்க விரும்பினார்கள். அதில் தவறில்லை. முந்தைய ஆண்டு இதே போன்ற ஒரு விதிதான் டி டியோனிடமிருந்து முதல் பரிசை விலக்கி லெவாசோரின் நிறுவனத்துக்குக் கொடுத்தது. விதி நமக்குச் சாதகமாக இருக்கும்போது நியாயம், பாதகமாக இருக்கும்போது அநியாயம் என்று சொல்ல முடியாதல்லவா? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்நாளில் பெஜோ நிறுவனம் தன் வண்டிகளுக்கான இயந்திரங்களைப் பனார்-லெவாசோர் நிறுவனத்திடமிருந்தே வாங்கிவந்தது. பரிசை வென்ற கோக்லினின் வண்டிக்குள் துடித்த இயந்திரமும் லெவாசோரின் தொழிற்கூடத்துப் பிள்ளைதான்.

உரிய நேரத்துக்குள் பந்தயத்தை முடித்தவை ஒன்பது வண்டிகள் மட்டுமே. அவற்றுள் எட்டு பெட்ரோல் வண்டிகள். ஒன்றே ஒன்று நீராவி. அந்த நீராவி வண்டியும் கடைசியாகவே வந்தது. மின்சார வண்டிக்கு இடமே கிடைக்கவில்லை. எந்த வகையை நம்புவது என்ற கேள்விக்கு மக்கள் இப்படி ஒரு விடையைக் கண்டார்கள். மிச்செலின் சகோதரர்களின் டயர் வழியில் எத்தனையோ முறை காற்றுப் போய் நின்றது. 100 மணி நேரக் கெடுவையும் தாண்டிவிட்டது. கெட்டி ரப்பரை நம்பியவர்கள் சிரித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பந்தய வண்டிகள் எல்லாம் காற்றடைத்த டயர்களுக்கு மாறிவிட்டன. இதில் மட்டும் தோற்றவர்களே சரியான வழியில் சென்றிருந்தார்கள். அதே 1895இல், பந்தயத்தை நடத்திய குழுவினரின் முயற்சியால் மோட்டார் வண்டிச் சங்கம் ஒன்றும் பிரான்சில் தோன்றியது.

லெவாசோர் ஓய்ந்துவிடவில்லை. 1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரிசிலிருந்து மார்செய் நகருக்குச் சென்று திரும்பும் இன்னும் நீண்ட பந்தயத்தில் கலந்துகொண்டார். தென்பகுதியில் அவிஞோன் நகருக்கு அருகே ஒரு நாய் சாலையின் குறுக்கே ஓடியது. அதன்மீது மோதாமல் இருக்க அவர் வண்டியைத் திருப்பினார். வண்டி கவிழ்ந்தது, அவர் தூக்கி எறியப்பட்டார். வெளியே தெரிந்த காயங்கள் ஆறினாலும் அவருடைய உடல்நலம் முன்போல் தேறவில்லை. 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 54. முந்தைய ஆண்டின் விபத்தே அதற்குக் காரணம் என்று பலர் கருதினர்.

பத்தாண்டுகள் கழித்து, 1907இல், அவர் வந்து சேர்ந்த அதே போர்த் மயோ பகுதியில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. சிற்பி தலூ அதன் வடிவத்தை உருவாக்கினார். லெஃபெவ்ர் என்ற சிற்பி அதைக் கல்லில் செதுக்கி முடித்தார். வெற்றி வளைவு ஒன்றின் ஊடாக லெவாசோர் தம் வண்டியில் பாய்ந்து வருவதைப்போல் அது அமைந்துள்ளது. மோட்டார் வண்டி ஒன்று கல்லில் சிற்பமாக நிற்பது அக்காலத்தில் பலருக்குப் புதுமையாகத் தோன்றியது. அந்தச் சின்னத்தை இன்றும் பாரிசில் காணலாம். அதைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவும் பகலும் மகிழுந்துகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எல்லா ஓட்டுநர்களின் கைகளும் வட்டச் சக்கரத்தின்மேல் இருக்கின்றன. கல்லில் அமர்ந்திருக்கும் லெவாசோரின் கை மட்டும் அந்தப் பழைய தண்டைப் பற்றியிருக்கிறது.